மேற்கு ஜன்னலுக்கு வெளியே

ஜன்னலுக்குத் திரை போட்டால் வெயிலைத் தடுத்துவிட்டதாக நினைக்கிறோம். வெளிச்சம் குறைவது உண்மைதான்; வெப்பம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. சூரிய ஒளியில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடியைக் கடந்து திரையில் படுகிறது. சூடேறிய துணி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக உமிழ்கிறது. அவற்றுக்குக் கண்ணாடி வழிவிடாது. வெளிர்நிறத் திரையானால் கொஞ்சம் ஒளி திரும்பிப் போகும், மற்றது அறைக்குள் தங்கிவிடும். கண்ணாடிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் சூடேறுவது தட்டி. அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும்.

அதற்குத்தான் சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். நான்கு பக்கமும் ஒரே அளவில் அதை வைப்பதுதான் நாம் செய்யும் பிழை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது சன்ஷேடு போதும். மாலை நாலேகால் வாக்கில் சூரியன் மேற்கே 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். அந்நேரம் 60 செ.மீ. நீண்ட சன்ஷேடின் நிழல் சுவரில் 35 செ.மீ. மட்டுமே இறங்கும். 120 செ.மீ. உயர ஜன்னலில் முக்கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக வெயில் நேரே அடிக்கும். சாய்ந்து வரும் வெயிலுக்குச் செங்குத்துப் பலகைகளோ தட்டியோ மரமோதான் மறைப்பு. லெ கொர்பூசியே வடிவமைத்து 1954இல் முடிந்த அகமதாபாத் மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தில், மேற்கு முகப்பின் கான்கிரீட் பலகைகள் சாய்வாக நிற்கின்றன, ஆற்றைப் பார்த்த கிழக்கில் நேராக நிற்கின்றன. திசைக்குத் திசை நிழலின் வடிவம் மாற வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடங்கள் குறைவு. ஆனால் கனமான கான்கிரீட் பகல் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில் உமிழும் என்ற குறை நியாயமானது. சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் மெல்லிய மறைப்பு அதனாலேயே மேல்.

நிழல் காற்றின் வெப்பத்தைக் குறைக்காதே, ஏசி போட்டால் போகிறது என்று கேட்கலாம். காற்று சூடாகவே இருக்கட்டும். அதன்மேல் வெயிலும் உள்ளே புகுந்து சுவரையும் தரையையும் ஏன் காய்ச்ச வேண்டும்? உள்ளே வந்த வெப்பத்தை ஏசி மின்சாரம் செலவழித்து வெளியே தள்ளுகிறது, அது பக்கத்து வீட்டு ஜன்னலருகே போய் நிற்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ சுவர், ஜன்னல் வழியே நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. ஒரு கிரவுண்டில் வீடு கட்டுகிறவருக்கு அந்த விதி வராது. மேற்கு ஜன்னலை எங்கே வைப்பது, எதைக் கொண்டு மறைப்பது என்பதை வரைபடம் போடும்போதே அவர்தான் கொத்தனாரிடம் கேட்டு வாங்க வேண்டும்.