கொழகொழப்பில்தான் இருக்கிறது விஷயம்

ரத்தப் பரிசோதனையில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கூடிவிட்டால், “நார்ச்சத்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். உடனே வெள்ளை அரிசியை ஓரங்கட்டிவிட்டு கோதுமை பிரெட்டும் தவிட்டு பிஸ்கட்டும் வாங்குகிறோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் அசைந்திருக்காது. அறிவுரை சரிதான், ஆனால் பாதியோடு நின்றுவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கோதுமைத் தவிட்டையும், இன்னொன்றில் ஒரு ஸ்பூன் இசப்கோலையும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தவிடு ஊறிப்போய் தனியே கிடக்கும். இசப்கோல் டம்ளர் முழுவதையும் கூழாக்கியிருக்கும். இரண்டும் நார்ச்சத்துதான், இரண்டும் மலச்சிக்கலுக்கு நல்லதுதான். கொலஸ்ட்ராலைக் குறைப்பதோ இரண்டாவது டம்ளரில் உள்ள சங்கதி மட்டுமே.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. உண்ணும் கொழுப்பைச் செரிக்கவைக்கும் பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் தயாரிக்கிறது. குடலில் வேலை முடிந்ததும் அவற்றில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே திரும்பிவிடும். கடைந்தெடுத்த சிக்கனம்! குடலுக்குள் கொழகொழப்பான நார் நிறைந்திருந்தால் இந்தச் சுழற்சி கெடுகிறது. பித்த அமிலத்தில் ஒரு பங்கு நாரில் சிக்கி மலத்தோடு போய்விடுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரலுக்குப் புதிதாகக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதற்காகத் தன் செல்களின் மேல் எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்கவிட்டு, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர்கள் தரும் ஸ்டாடின் மாத்திரை வேறு வழியாகப் போனாலும் கடைசியில் பெருக்குவது இதே ஏற்பிகளைத்தான்.

இதெல்லாம் கண்துடைப்பு, நாரால் வயிறு நிறைவதால் மற்ற கொழுப்புப் பண்டங்களைக் குறைவாக உண்கிறார்கள், அவ்வளவுதான் என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவில் ஓட்ஸ் தவிட்டு மோகம் உச்சத்தில் இருந்தபோது, 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அப்படித்தான் சொன்னது. அதில் ஓட்ஸ் தவிடு உண்டபோதும், நார் குறைந்த கோதுமை உணவு உண்டபோதும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 20 பேர்தான், அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாகவும் இல்லை. 1999-இல் 67 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிக் கொழகொழப்பாகும் ‘கரையும் நார்’ ஒரு கிராமுக்கு, எல்டிஎல் டெசிலிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் குறைவது தெரிந்தது. என் பார்வையில் இதைவிட வலுவான விடை 2010-இல் வந்தது. ஓட்ஸிலுள்ள பீட்டா குளூக்கன் என்னும் நாரின் நீண்ட சங்கிலியை அறுக்காமல் தினம் 3 கிராம் கொடுத்தபோது, கோதுமை நார் உண்டவர்களைவிட எல்டிஎல் 5.5 சதவீதம் குறைவாக இருந்தது. சங்கிலியைத் துண்டாக்கிக் கொழகொழப்பைப் போக்கிவிட்டு 4 கிராம் கொடுத்தபோது வித்தியாசம் 2.3 சதவீதம்தான். பொருள் ஒன்றே, அளவு கூட; பலன் மட்டும் பாதிக்கும் கீழே. வயிற்றை நிரப்புவதுதான் காரணம் என்றால் சங்கிலியின் நீளம் எப்படி முக்கியமாகும்?

ஐந்து சதவீதம் ஒரு குறைப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டாடினின் அளவை இரட்டித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது ஆறு சதவீதம் போலத்தான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின் என்னும் ஸ்டாடினோடு தினம் 15 கிராம் இசப்கோல் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, 20 மில்லிகிராம் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இணையாகவே எல்டிஎல் இறங்கியது. மாத்திரைக்கு மாற்றாக நாரை நிறுத்தினால் அது தோற்கும், துணையாக வைத்தால் கைகொடுக்கும்.

இதற்கு ஓட்ஸ் டப்பாதான் வேண்டும் என்பதில்லை. பீட்டா குளூக்கன் பார்லியிலும் உண்டு. ஊறவைத்த வெந்தயத்தின் வழவழப்பும், வெண்டைக்காயின் கொழகொழப்பும் இதே குடும்பம். உணவுத் தொழிற்சாலைகள் கெட்டிப்படுத்தப் பயன்படுத்தும் குவார் பிசின், முற்றிய கொத்தவரை விதையிலிருந்து எடுப்பதுதான். பருப்பும் பயறும் தினம் ஒரு கிண்ணம் அளவு உண்டவர்களுக்கு எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறைந்ததாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. ஆகவே சாயங்கால பஜ்ஜியின் இடத்துக்குச் சுண்டல் வந்தால் இரட்டை லாபம். ஆனால் நெய்யும் பாமாயிலும் தாராளமாக ஓடும் சமையலில் ஒரு ஸ்பூன் இசப்கோல் எதையும் சாதிக்காது. டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு ரத்தக் கொழுப்பு மட்டும் கூடியிருப்பவர்கள் இந்த நாரை நம்பியிருக்கவும் வேண்டாம்; அவர்கள் குறைக்க வேண்டியது சர்க்கரை, மைதா, மது.

இசப்கோல் எடுப்பவர்கள் நிறையத் தண்ணீரோடு குடியுங்கள், இல்லாவிட்டால் தொண்டையிலேயே கூழாகி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எண் இறங்கிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் ஸ்டாடினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.