வலி நின்றுவிட்டால் புண் ஆறிவிட்டதா? பல் பதித்துக் கொள்வோர் கவனத்திற்கு

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பார்கள் நம் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோறும் அல்லவா போகிறது! கடைவாய்ப் பல் நாலு விழுந்துவிட்டால் கறியை மெல்ல முடியாது. கஞ்சியும் கோப்பியில் நனைத்த ரொட்டியும்தான் கதி. வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் பால் மரம் சீவுகிற அம்மாவுக்கும் அந்தச் சாப்பாடு எத்தனை நாள் தாங்கும்?

பல் விஷயத்தில் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி 1949-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுனில் தொடங்கப்பட்டது. ஆனாலும் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: "வலிக்குதுங்க டாக்டர், பிடுங்கிடுங்க!" அப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே வாய் காலியாகிப் போனது.

இப்போது வெளியே போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகள், "அப்பா, டவுன்ல பல்லை எலும்புலேயே திருகி வைக்கிறாங்களாம், நீங்களும் வச்சுக்குங்க" என்கிறார்கள். இம்பிளான்ட் என்பது இதுதான். ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும் காரியம். பணத்தைக் கட்டிவிட்டு, ஆறும் காலத்தில் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு?

இந்த வைத்தியம் பிறந்த கதை வேடிக்கையானது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952-ஆம் ஆண்டு முயலின் எலும்புக்குள் டைட்டேனியம் என்ற உலோகக் கருவியை வைத்து ஆராய்ந்தார். பிறகு அதைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை! எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் டைட்டேனியம் திருகாணிகளைப் பதித்தார். ஆக, பல்லை நிற்க வைப்பது டாக்டரின் கைவேலை மட்டுமல்ல; உங்கள் எலும்பு வளர்ந்து அதைப் பிடிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

எத்தனை நாள்? மேலே இருக்கும் ஈறு சீக்கிரம் ஆறும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் அதிகமாக இருந்து பிறகு வடியும். ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பார்க்கிறவருக்குப் புண்ணே தெரியாது. ஆனால் உள்ளே எலும்பு பிடிக்க மாதங்கள் ஆகும். பிரோனமார்க் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும், எலும்பு மெத்தென்று இருக்கும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள். இன்றைய திருகாணிகளில் சிலருக்கு இரண்டு மாதத்திலேயே பல் மாட்டிவிடலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து லயத்து அண்ணன் அல்ல.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருகாணியை முறுக்கி வைத்த முதல் நாள் அது இறுக்கமாகத்தான் இருக்கும். பிறகு பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, புது எலும்பு வளரும். அந்த இடைவேளையில், ஏறக்குறைய மூன்றாம் நான்காம் வாரத்தில், பிடிமானம் தளர்ந்துதான் மறுபடி இறுகும். அதாவது, வலி நின்று, வீக்கம் வடிந்து, "அட, எல்லாம் ஆறிப் போச்சு!" என்று நாம் முறுக்கைக் கடிக்கப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் உள்ளே நிலைமை நலிந்திருக்கிறது. ஒட்டுக் கட்டிய ரப்பர் கன்றைத் தினமும் ஆட்டிப் பார்த்தால் ஒட்டுப் பிடிக்குமா? இதுவும் அப்படித்தான்.

முதல் 24 மணி நேரம் வாயைக் கொப்பளிக்கக் கூடாது; காறித் துப்பக் கூடாது; குழாய் வைத்து உறிஞ்சக் கூடாது. புண்ணை மூடிய இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். சூடு ஆறிய கஞ்சி, குழைந்த சோறு, முட்டை, மீன் என்று மென்மையாகச் சாப்பிடுங்கள். முதல் சில நாள் குலை தூக்குவது, உரமூட்டை சுமப்பது அறவே கூடாது. இரத்தம் மறுபடி கசியும்.

சுருட்டும் சிகரெட்டும் பெரிய எதிரிகள். புகைப்பவர்களுக்குப் பதித்த பல் தோற்றுப் போவது, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெற்றிலை பாக்கையும் விட்டுவிடுங்கள். பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே பல் வைத்த பிறகும் அந்தப் பெட்டியைத் தொடாமலிருப்பதே நல்லது. இனிப்புநீர் உள்ளவர்கள், எலும்புத் தேய்மானத்திற்கு மருந்து எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் சுலபத்தில் ஆறாது.

வலி நாளுக்கு நாள் குறையாமல் மூன்று நாளுக்குப் பிறகும் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால், உதடு மரத்தே கிடந்தால், திருகாணி ஆடினால், "போகப் போகச் சரியாயிரும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

"லீவு போட்டா சம்பளம் போயிருமே!" என்ற கவலை நியாயமானது. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டிலிருந்து ஐந்து வருடத்திற்குள் 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.யையும் சட்டம் ஏற்கிறது. 48 மணி நேரத்திற்குள் தோட்ட ஆபீசுக்குத் தகவல் சொல்ல மறக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே கிராணியிடம் பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? எத்தனை தடவை பாலம் தாண்டி வர வேண்டும்? திருகாணி பிடிக்காமல் போனால் செலவு யாருடையது? பதில் திருப்தியில்லை என்றால் கழற்றி மாட்டும் பல்செட்டே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரப்பர் கன்று நட்டவர்கள், பால் எடுக்க ஐந்தாறு வருடம் பொறுத்திருந்த மக்கள் நாம். ஒரு பல்லுக்காக ஐந்தாறு மாதம் பொறுக்க முடியாதா?