நித்திரையிற் சுவாசத் தடையும் தந்த வைத்தியமும்

குறட்டையை ஆழ்ந்த நித்திரையின் அறிகுறியென்று கருதுவோர் நம்மிற் பலர். உண்மை எப்போதும் அதுவன்று. உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர, நாவும் பின்சாய்ந்து சுவாச வழியை அடைப்பதுண்டு. 10 விநாடிக்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். மீண்டும் வழி அடையும். மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ இங்ஙனம் நிகழ்ந்து, பகலிலும் தூக்கம் மேலிடின் அது நோயேயாம். இரத்த அழுத்தமும் உயரலாம். 2,240 மீட்டர் உயரமுள்ள நமது உதகையிற் பிராணவாயு கடல்மட்டத்தினும் ஏறத்தாழக் காற்பங்கு குறைவு. ஆதலின் இத்தடையை இங்கு இலேசாக எண்ணலாகாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளில் வண்டியோட்டுவோன் கண்ணயர்ந்தால் விளைவது யாதென விரிக்கவேண்டுவதில்லை.

ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட, மூக்கின் வழியே காற்றைச் செலுத்தும் முறையே கடுமையான நோய்க்குச் சிறந்தது. அதனைப் பொறாதார்க்கும், நோய் மிதமாயுள்ளார்க்கும் தந்த வைத்தியர் உதவுவர். பற்களின் அச்செடுத்து, மேலும் கீழும் பொருந்தும் தகடுகள் அமைத்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துவர். தாடையோடு நாவும் முன்வர, வழி திறக்கும். தாடை நோவும் பல்வரிசை மாற்றமும் நேரக்கூடுமாதலின் இடையிடையே பரிசோதனை வேண்டும். நித்திரைப் பரிசோதனையால் நோயை நிர்ணயித்த பின்னரே தகடு அணிதல் தகும்.

உறங்குவோன் தன் நோயைத் தானறியான். ஆகவே, குறட்டையை நகையாடாது, மூச்சு நிற்கின்றதாவென உற்றுநோக்கி அவனுக்கு உரைப்பதே விடுதித் தோழர் செய்யத்தக்க முதலுதவி.