செங்கடம்பு: மீனுக்கு நிழலும் நஞ்சும்

வேடந்தாங்கல் ஏரியில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கிளைகொள்ளாமல் பறவைக் கூடுகளைச் சுமக்கும் மரம் எது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அது செங்கடம்பு. உருண்டைப் பூப் பூக்கும் கடம்புக்கும் இதற்கும் உறவில்லை. தாவரவியலார் இதைப் பாரிங்டோனியா அகுட்டாங்குலா என்பார்கள். பிரேசில் கொட்டை தரும் மரம் இதன் குடும்பம்தான்.

பூச்சரங்கள் சடைசடையாகத் தொங்கும். சிவப்பாகத் தெரிவது இதழல்ல, நூல் நூலாக நீண்ட மகரந்தத் தாள்கள். அந்தியில் விரியும் பூ விடிவதற்குள் உதிரத் தொடங்கி, கீழே நிற்கும் தண்ணீரையே சிவப்பாக்கிவிடும். நான்கு விளிம்புள்ள காய் நீரில் மிதந்தே ஊர் மாறும்.

வெள்ளத்தைத் தாங்குவதில் இதற்கு ஈடு குறைவு. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி, வறண்ட காலத்தில் ஒரு மீட்டர் ஆழம்கூட எட்டாத இடங்களைக் கொண்டது. மீகாங் ஆறு பெருகி நீரைத் திருப்பித் தள்ளும்போது ஏரியின் ஆழம் எட்டு, ஒன்பது மீட்டர் வரை உயரும். அங்குள்ள வெள்ளக்காடுகளின் முக்கிய மரம் செங்கடம்பு. மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்தும் பிழைக்கிறது. அதன் கிளைகளுக்கிடையே மீன்கள் இரை தேடி வளர்கின்றன. வங்கதேசத்துத் தாழ்நில ஏரிகளில் மீனவர்கள் இதன் கிளைகளை வெட்டி நீருக்குள் போடுவார்கள். மீன் வந்து அடையும்.

வியப்பு இனிமேல்தான். இதே மரத்தின் பட்டையையும் விதையையும் இடித்துக் குட்டைநீரில் கலந்தால் மீன் மயங்கி மேலே மிதக்கும். சீயக்காயை நுரைக்கவைக்கும் சபோனின் என்ற பொருள்தான் காரணம். அது செவுள்களைத் தாக்குவதால் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. மனிதக் குடலில் சபோனின் எளிதில் உறிஞ்சப்படாததால், அப்படிப் பிடித்த மீனை மக்கள் சமைத்து உண்டுவந்தார்கள். உயிரோடு நிற்கும்வரை மீனைக் காக்கிற மரம், இடித்துக் கலக்கும்போது அதையே வீழ்த்துகிறது.

ஏரிக்குள் மரம் என்றால் நமக்குக் கருவேலம்தான் நினைவுக்கு வருகிறது. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி ஏரியாக அதையே நட்டோம். விறகு கிடைத்தது உண்மை. ஆனால் கரையில் தானாக நின்ற செங்கடம்பை யாரும் பொருட்படுத்தவில்லை. தூர்வார வரும் இயந்திரத்துக்கும் அது வெறும் இடைஞ்சல். இது பெரிய இழப்பு. வேடந்தாங்கல் விவசாயிகள் 1798இலேயே ஆட்சியரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டு வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை தங்க மரம் வேண்டாமா?

உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும்போது நிற்கிற செங்கடம்பை வெட்டாமல் விடச் சொல்லுங்கள். இல்லாத ஊரில், முற்றிய காயைப் பொறுக்கி நாற்று வளர்த்து, நீர் ஏறி இறங்கும் விளிம்பில் நடுங்கள்.