கண்மாய் முதல் கடல் வரை – 9
59 நாள் ஆயுசு

சென்ற வாரம் வைகையிலும் நம் கண்மாய்களிலும் தரையோடு தரையாகக் கிடக்கும் உளுவையைப் பார்த்தோம். இந்த வாரம் அதன் கடல் பங்காளி. பெயர் எவியோட்டா சிகில்லாட்டா. உளுவை சாண் அளவைத் தாண்டியும் வளரும். இதுவோ 2 செ.மீ. எட்டுவதே அரிது. பவளப்பாறையின் மேல் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். உடம்பும் பாதி கண்ணாடி. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது.

இதற்குப் புகழ் தேடித் தந்தது இதன் ஆயுசுதான். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இதை ஆராய்ந்த டெப்சின்ஸ்கி, பெல்வுட் என்ற இருவர், 59 நாளுக்கு மேல் இது உயிரோடு இருப்பதில்லை என்று 2005-ல் எழுதினார்கள். அதுவரை முதுகெலும்புள்ள உயிர்களில் மிகக் குறைந்த ஆயுசு என்று பேசப்பட்டது ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் வாழும் கில்லி மீனுக்கு; அதுவே மூன்று மாதம் பக்கம் இருக்கும். ஆடி முதல் தேதி பொரித்த எவியோட்டா, ஆவணி முடியுமுன் கிழமாகிச் செத்துவிடும்.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொன்னார்கள்? மீனின் காதுக்குள் ஒரு சுண்ணாம்புக் கல் உண்டு. அதில் நாளுக்கு ஒரு வளையம் படியும். கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் எண்ணினால் வயது கிடைத்துவிடும்.

பொரித்ததும் மூன்று வாரம் கடலில் மிதப்பு. பிறகு பாறைக்குத் திரும்பி, ஒன்றிரண்டு வாரத்தில் வயதுக்கு வந்துவிடும். மிஞ்சுவது மூன்றரை வாரம். அதற்குள் ஒரு பெட்டை மூன்று தடவை முட்டையிடும். எல்லாம் சேர்த்தால் 400 முட்டை. காவல் அப்பனுக்கு. ஏன் இந்த அவசரம்? பாறையில் இருப்பதெல்லாம் இதைத் தின்ன வருகிறது. நாளொன்றுக்கு நூற்றில் எட்டு மீன் காலி. தள்ளிப்போட்டால் வம்சம் இல்லை.

பவளப்பாறைகளில் இரையாகும் மீன் இறைச்சியில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்த மாதிரிப் பொடி மீன்கள்தான் என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அயிரைக்குப் பெரிய மீனைவிட அதிக விலை கொடுக்கும் மதுரைக்காரர்களுக்குப் பொடி மீனின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மன்னார் வளைகுடாவின் பவள இடுக்குகளிலும் உளுவைக் குடும்பத்துக் குட்டி மீன்கள் உண்டு. அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன் பல காலம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். இப்போது கடல் சூடேறிப் பவளம் வெளுக்கிறது. பவளம் செத்தால் இந்த மீன்களுக்கு ஒளிய இடமில்லை.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையில் கிடந்தாலும், கடையில் கொடுத்தாலும், பவளக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு, 2001 முதல் அதற்கும் உண்டு.