12 போரா, 20 போரா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மளிகைக்கடை நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ராத்திரி கல்லாப் பணத்தோட வீட்டுக்குப் போறேன். ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் போடலாம்னு இருக்கேன். 12 வாங்கவா, 20 வாங்கவா? நம்பர் கூடினாப் பெரிசுதானே?"

என் தகப்பனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி என் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம்பர் கூடினால் குழல் சிறிது. முந்திரிப் பருப்பு விற்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. 180 நம்பர் பருப்பு பெரியது, 320 நம்பர் சிறியது. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த நம்பர். துப்பாக்கிக்கும் பவுண்டுக் கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் உள் விட்டம். அது சுமார் 18.5 மில்லிமீட்டர். 16 போர் 16.8, 20 போர் 15.6. 410 மட்டும் இக்கணக்கில் சேராது; அது அங்குலத்தில் 0.410 என்ற நேர் அளவு.

20 போர் எடை குறைவு, தோளில் உதைப்பதும் குறைவு. ஆனால் சரக்குக் கிடைக்காத தராசு எதற்கு? நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பது 12 போர் தோட்டாதான். புனே அருகே கட்கி தொழிற்சாலையில் தயாராவதும் அதுவே. ஆகவே வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் 12.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய துப்பாக்கிகள் பலவற்றுக்கு 65 மில்லிமீட்டர் தோட்டாதான் பொருந்தும், 70 போடக்கூடாது. குழலில் பொறித்திருப்பதைத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டாவது, 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நின்றுவிடும். தெரியாமல் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

"ரவை பரவும், குறி வேண்டாம்" என்பதும் தவறு. ஓர் அறைக்குள் ரவை கையகலம்கூடப் பரவாது. தப்பினால் தகரத்தையும் பலகையையும் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

லைசென்ஸ் தருபவர் பெரும்பாலும் கலெக்டர். போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றியைச் சுட இந்த லைசென்ஸ் அனுமதி ஆகாது.

திருடனைச் சுடலாமா? 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல் போன்றவற்றுக்கே உயிர் போகும் அளவுக்கு இடமுண்டு. அப்போதும் தேவைக்கு மிஞ்சக்கூடாது. ஒரு மூட்டை சீனியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைச் சுட்டால் நாம்தான் கூண்டில் நிற்போம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்திய வாரம், வெல்ல வியாபாரம் உச்சத்தில் இருந்த நேரம். நடு இரவில் குடோனுக்குள் சத்தம். இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு போனேன். சிப்பங்களுக்குப் பின்னால் ஓர் உருவம் எழுந்தது. என் விரல் விசையில் இருந்தது. "ஐயா, நான்தான்" என்றது குரல். எங்கள் லோடுமேனின் மகன், 14 வயது. பனிக்கு ஒதுங்கிச் சாக்கின்மேல் படுத்திருந்தான். அவன் வாய் திறக்க ஒரு நொடி தாமதித்திருந்தால்? அன்று விடியும்வரை நான் தூங்கவில்லை.

மறுநாளே குடோனுக்கு விளக்கு போட்டேன். சுவிட்ச் கதவுக்கு வெளியே. துப்பாக்கியைக் கழற்றி பீரோவில் பூட்டினேன். தோட்டா வேறு இடத்தில். அதன்பின் அதை எடுத்தது தேர்தலுக்கு ஒப்படைக்கவும் லைசென்ஸ் புதுப்பிக்கவும்தான்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இது: பணத்தைப் பகலிலேயே பேங்கில் கட்டுங்கள், இரவில் தனியாகப் போகாதீர்கள், நல்ல பூட்டும் விளக்கும் போடுங்கள். அதற்குப் பின்னும் தேவை என்று பட்டால் 12 வாங்குங்கள். ஆனால் எதிரே நிற்பவர் யாரென்று வெளிச்சத்தில் பார்க்காமல் விசையைத் தொடாதீர்கள்.