தோலுக்குச் சுருதி வந்தது எப்படி?

கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்வான் கல்லையும் கட்டையையும் எடுத்து, வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) விளிம்பைத் தட்டித் தட்டித் தம்புராவோடு சுருதி சேர்ப்பார். சாதாரணத் தோல் வாத்தியம் எதிலும் இது இவ்வளவு துல்லியமாக நடக்காது.

வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால், அது ஒரே சமயத்தில் பல விதமாக அதிரும். அடிப்படை அதிர்வெண் 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். வீணைத் தந்தியிலோ 1, 2, 3 என முழு மடங்குகளாக வரும். அதனால்தான் அதில் சுரம் தெளிவாகக் கேட்கிறது. ஒட்டாத அதிர்வுகள் சேர்ந்தால் வெறும் ஓசைதான்.

மிருதங்கத்தில் இந்தக் கணக்கை மாற்றுவது நடுவில் உள்ள கறுப்பு வட்டம், கரணை. கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்துவார்கள். அதன்மேல் அடுத்த பூச்சு. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அது வளரும். தேய்க்கத் தேய்க்க நுண்ணிய விரிசல்கள் விழும். அவை இருப்பதால்தான் இத்தனை கனத்தைச் சுமந்தும் தோல் விறைக்காமல் வளைந்து கொடுக்கிறது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் கரணை அதிர்வுகளை மாற்றுவதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு பெற்ற பிறகும் விடவில்லை. 1934இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கும். அந்தக் கோலங்களைக் கொண்டு அவர் காட்டியது இது: ஒன்பது வித அதிர்வுகள், கரணையின் கனத்தால் இழுக்கப்பட்டு, 1 முதல் 5 வரையிலான ஐந்து முழு மடங்குகளில் வந்து அடங்குகின்றன.

வாசிப்பவரின் விரலுக்கும் இதில் பங்கு உண்டு. 'நம்' என்னும் மிருதங்கச் சொல்லுக்கு மோதிர விரல் கரணையோரம் லேசாகப் படிய, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும். படிந்த விரல் அடிப்படை அதிர்வை அடக்கிவிடுகிறது. இரண்டாம் மடங்கு ஓங்கி ஒலிக்கிறது.

வாசிக்க வாசிக்கக் கரணை தேயும், துணுக்குகள் உதிரும். கனம் குறைந்ததும் அதிர்வுகள் மறுபடி விலகத் தொடங்கும். எவ்வளவு தட்டினாலும் சுருதி நிற்காது. அப்போது பழையதைச் சுரண்டிவிட்டு, முதல் பூச்சிலிருந்து கரணை போட்டாக வேண்டும். எத்தனை பூச்சு என்பதைத் தட்டிக் கேட்டு முடிவு செய்வது மிருதங்கம் செய்பவரின் காதுதான்.